கூரையில் வெயில், கொப்பியில் கணக்கு

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்ட உரை)



மேடையில் நிற்பது ஒருத்தி, பேச்சில் மட்டும் ‘நாங்கள்’ வருகிறதே என்று யோசிக்க வேண்டாம். இந்த உரையை அக்காவும் தங்கையுமாக நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினோம். குரல் நன்றாக உள்ளவர் வாசிக்கிறார். கணக்கு நன்றாக வருபவர் முன்வரிசையில் இருக்கிறார், பிழை விட்டால் அங்கிருந்தே திருத்துவார்.

சில மாதங்களுக்கு முன் சங்கச் செயலாளர் எங்களைக் கூப்பிட்டார். “நூற்றாண்டு நினைவாக மண்டபத்துக் கூரையில் சோலார் பூட்டலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் காசு தரத் தயார். உங்கள் வீட்டில் எட்டு வருடமாக அது இருக்கிறதே, நல்லதா, வேண்டாமா? ஒளிக்காமல் வந்து சொல்லுங்கள்” என்றார். ஒளிக்காமல் சொல்ல எங்களுக்கு ஒரே வழிதான் தெரியும். கொப்பியைத் திறக்க வேண்டும். இதோ, எட்டு வருடத்துக் கணக்கும் இந்த நான்கு சீ.ஆர். கொப்பிகளில் இருக்கிறது.

கணக்குக்கு முன் ஒரு பழைய கதை. நாங்கள் ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயனில் பிறந்தவர்கள் என்பது எங்கள் வகுப்புத் தோழிகளுக்குத் தெரியும். கிழமை நாட்களில் விடுதியில் இருப்போம். அங்கே சுவரில் ஆளியைத் தட்டினால் வெளிச்சம் வரும். லீவுக்கு வீட்டுக்குப் போனால் குப்பி விளக்கு. படிக்கிற கொப்பியில் புகைக் கரி விழும், காலையில் மூக்கைத் துடைத்தால் கைலேஞ்சி கறுக்கும். தேயிலைக்கு மேலாக இரும்புக் கோபுரங்களில் கம்பி போய்க்கொண்டிருந்தது. “இது எங்கே போகிறது?” என்று அம்மாவிடம் கேட்டால், “ஊருக்குப் போகுது” என்பார். எங்கள் லயனும் ஒரு ஊர்தான் என்று எங்களுக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை.

மலைநாட்டுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே கட்டுரை வாசித்தவர். லக்சபானத் திட்டத்தின் முதல் கட்டம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. 1976 இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, சுரங்க வழியாக உக்குவளை மின்நிலையத்துக்குத் தண்ணீர் அனுப்பினார்கள். 1985 இல் விக்டோரியா வந்தது, பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. அதே காலத்தில் கொத்மலையும் வந்தது. கண்டியைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் மின்சாரம் பிறக்கிற இடம்தான். ஆனால் பிறக்கிற இடத்துக்கு அருகில் இருப்பதும், அது நம் வீட்டுக்கு வருவதும் ஒன்றல்ல. அதைக் குப்பி விளக்கு எங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லிவிட்டது. அதனால்தான், எங்கள் சொந்தக் கூரையிலேயே மின்சாரம் எடுக்கலாம் என்று கேள்விப்பட்டபோது எங்கள் இருவருக்கும் மனம் ஒருமாதிரிப் பொங்கியது.

2016 செப்டெம்பரில் அரசாங்கம் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் மூன்று வழிகள் இருந்தன. முதலாவதில் நாம் கொடுத்த அலகு நம் பாவனையில் கழியும், மிஞ்சியது அடுத்த மாதத்துக்குப் போகும், காசு வராது. இரண்டாவதில் மிஞ்சிய அலகுக்குக் காசு தருவார்கள். மூன்றாவதில் எடுப்பது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, பாவிப்பதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். நாங்கள் இரண்டாவதில் சேர்ந்தோம். அப்போதைய விலை முதல் 7 ஆண்டுக்கு அலகொன்றுக்கு 22 ரூபா, அடுத்த 13 ஆண்டுக்கு 15 ரூபா 50 சதம்.

2018 மார்ச்சில் 3 கிலோவாற்று பூட்டினோம். செலவு 5 லட்சத்து 70 ஆயிரம் ரூபா. எங்களில் ஒருத்தியின் பணிக்கொடையில் பாதி அதில் போனது. மற்றவர் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. “வயது அறுபது. இது காசைத் திருப்பித் தரும்போது நாங்கள் இருப்போமா?” என்பது அவருடைய கேள்வி. ரொறன்ரோவில் இருக்கிற மருமகன் காசு அனுப்புவதாகச் சொன்னார், நாங்கள் வேண்டாம் என்றோம். சொந்தக் காசில் செய்தால்தான் கணக்கு உண்மையாக இருக்கும்.

அந்தப் பத்தாம் நாள் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். ஒவ்வொரு நாளும் மாலை ஆறரைக்கு எண்களை எழுதுவது. பணிக்கொடை எங்கே போகிறது என்று கண்ணால் பார்ப்பது. இந்தக் கொப்பி அப்படிப் பிறந்தது.

இங்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் பிழை விடுகிறார்கள். இன்வேர்ட்டரில் தெரிகிற எண்ணைப் பார்த்து, “இன்றைக்கு 11 அலகு, அவ்வளவும் இலாபம்” என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் எழுத வேண்டியவை மூன்று எண்கள். கூரை எடுத்தது ஒன்று. நாங்கள் வெளியே கொடுத்தது ஒன்று. வெளியிலிருந்து எடுத்தது ஒன்று. முதலாவது இன்வேர்ட்டரில் இருக்கும், மற்ற இரண்டும் வாசலில் உள்ள இருவழி மின்மானியில் மாறிமாறி வரும்.

எங்கள் முதல் வருடத்துச் சராசரி மாதம் இது. கூரை எடுத்தது 320 அலகு. வெளியே கொடுத்தது 235. அப்படியென்றால் பகலில் நாங்களே நேராகப் பாவித்தது 85. இரவிலும் மழையிலும் வெளியிலிருந்து எடுத்தது 115. ஆக வீட்டின் மொத்தப் பாவனை 200. கொடுத்ததில் எடுத்ததைக் கழித்தால் 120 மிச்சம், அதற்கு 22 ரூபாப்படி 2,640 ரூபா. முன்பு அந்த 200 அலகுக்கு ஏறத்தாழ 5,000 ரூபா கட்டினோம். நிலையான கட்டணம் தொடர்ந்தும் உண்டு. இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தால் மாதம் 7,000 ரூபாவளவில் நன்மை. அந்தக் கணக்குப்படி முதல் திரும்பி வர ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கூட்டல் கழித்தல் நம் கல்லூரியில் எட்டாம் வகுப்பில் படித்ததுதான், இதற்கு யாரும் எஞ்சினியராக இருக்கத் தேவையில்லை.

நாளாக நாளாகக் கொப்பி கண்டியின் காலநிலைப் புத்தகமாகவும் ஆனது. மாசியும் பங்குனியும் கூரைக்குத் திருவிழாக் காலம், 14 அலகுக்கு மேலும் போகும். சித்திரையில் காலை நல்ல வெயில், பின்னேரம் இடியும் மழையும், பகல் ஒரு மணிக்குப் பிறகு எண் ஏறாது. ஆனி, ஆடியில் மப்பும் தூறலும். ஐப்பசி, கார்த்திகை எங்கள் வீட்டுக்குப் பஞ்ச காலம், இரண்டு அலகோடு முடிந்த நாட்களும் உண்டு. மார்கழி, தையில் மூடுபனி விலக ஒன்பது மணியாகும். பூட்ட வந்தவர்கள் காட்டிய கடுதாசியில் எல்லா மாதமும் ஒரே எண்தான் இருந்தது. கடுதாசியில் மழை பெய்யாது அல்லவா!

மூன்றாம் மாதம் ஒன்றைக் கவனித்தோம். பின்னேரம் மூன்று மணியானதும் எண் திடீரென்று படுத்துவிடுகிறது. கூரையில் ஏறிப் பார்த்த பையன், “பலாக் கொப்பின் நிழல் ஒரேயொரு பெனலில்தான் விழுகுது” என்றான். ஒரேயொரு பெனல்தான். ஆனால் எங்களுடையவை மாலை கோர்த்ததுபோல ஒன்றோடு ஒன்று தொடுத்தவை. ஒன்று சோர்ந்தால் வரிசையே சோரும். அந்தப் பலாவை நட்டவர் அப்பா. கொப்பைத் தறிக்க எங்களுக்கு மூன்று கிழமை மனம் வரவில்லை. கடைசியில் அந்த ஒரு கொப்பை மட்டும் எடுத்தோம். மற்றப் பக்கம் இன்றும் காய்க்கிறது, போன மாதமும் பொலொஸ் கறி வைத்தோம்.

குரங்குகளைப் பற்றிக் கண்டிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. உடவத்தைக் காட்டிலிருந்து வருகிற கூட்டத்துக்கு எங்கள் பெனல்தான் காலை வெயில் காயும் இடம். கண்ணாடி உடையவில்லை, ஆனால் வயரைப் பிடித்து ஊஞ்சல் ஆடியிருக்கின்றன. வயரை இரும்புக் குழாய்க்குள் விட்ட பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. பூட்டும்போதே கேட்டிருக்க வேண்டிய வேலை அது.

எங்கள் பெரிய பிழையையும் சொல்லிவிடுகிறோம். இரண்டாம் வருடம் வீட்டில் ஒரு கல்யாணம். ஏழு கிழமை கொப்பி திறக்கவில்லை. கைத்தொலைபேசியில் எண்கள் வரும்தானே என்று விட்டுவிட்டோம். அதற்குள் ஒரு மின்னல் இரவில் இன்வேர்ட்டர் நின்றுபோயிருந்தது. வீட்டில் லைட் எரிகிறது, ஃபிரிஜ் ஓடுகிறது, ஒன்றும் தெரியவில்லை. மாதப் பட்டியல் வந்தபோதுதான் இருவரும் நெஞ்சில் கை வைத்தோம். திருத்தியது பத்து நிமிட வேலை. ஆனால் போன வெயிலைத் திருப்பி எடுக்க முடியுமா? அந்தப் பக்கங்கள் கொப்பியில் வெறுமையாகவே இருக்கின்றன. அவற்றை நாங்கள் நிரப்பவில்லை.

2022 ஐ யாரும் மறக்கமாட்டீர்கள். மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலாகக் கேட்டார்: “உங்க வீட்டிலதான் சோலார் இருக்கே, ஏன் நீங்களும் மெழுகுதிரியோட இருக்கிறீங்க?” நல்ல கேள்வி. எங்களுடையதைப் போலப் பற்றரி இல்லாத சோலார், வெளிக்கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். நடுப்பகல், சுட்டெரிக்கிற வெயில், கூரையில் பத்துப் பெனல், வீட்டில் காற்றாடி சுற்றாது. இதைப் பூட்டியவர்கள் முதலிலேயே சொன்னார்களா என்று கேட்டால், எங்களுக்கு ஞாபகம் இல்லை. நாங்கள் கேட்கவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதே ஆண்டு ஓகஸ்டில் கட்டணம் ஏறியது. 180 அலகுக்கு மேற்பட்ட அலகின் விலை 45 ரூபாவிலிருந்து 75 ரூபாவானது. அடுத்த பெப்ரவரியில் கீழ்ப்படிகளின் விலையும் ஏறியது. எங்கள் சேமிப்பு இரட்டித்தது, முதல் ஆறு வருடம் ஆகுமுன்னரே திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்த வரவை எழுதும்போது மகிழ்ச்சியாக இருந்தது என்று சொன்னால் அது பொய். எங்கள் இலாபம் ஏறியது, ஏறின அதே மாதத்தில் எங்களிடம் ரியூஷனுக்கு வந்த பிள்ளை ஒன்று, “டீச்சர், இனி இரவில லைட் போட அப்பா விடமாட்டார்” என்று சொன்னது. அன்றிலிருந்து பிள்ளைகள் மாலை எங்கள் விறாந்தையில் இருந்து படித்துவிட்டுப் போகிறார்கள். அதற்கான அலகும் கொப்பியில் இருக்கிறது, மாதம் நான்கோ ஐந்தோ.

போன வருடம் எங்களுக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தன. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு அகப்பட்டதால் என்று அறிவித்தார்கள். எங்கள் கூரையில் இருந்த குரங்கைப் பார்த்து அன்று சிரித்தோம். ஆனால் சிரிப்போடு விட முடியவில்லை. விடுமுறை நாளில் பாவனை குறைவு, நல்ல வெயிலில் கூரைகள் கொடுப்பது அதிகம், அதனால் வலையமைப்பு சிறு அதிர்ச்சியையும் தாங்க முடியாத நிலையில் இருந்தது என்று பிறகு விளக்கினார்கள். சித்திரைப் புத்தாண்டு வந்தது. ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது.

எங்கள் வீட்டில் சண்டை. “நாங்கள் காசு போட்டோம், வெயில் கடவுள் தந்தது, ஏன் நிறுத்த வேண்டும்?” என்றார் ஒருவர். மற்றவர் ஒரு பானையையும் அகப்பையையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “எத்தனை பேர் சாப்பிடுகிறார்களோ அவ்வளவுதான் நொடிக்கு நொடி வடிக்கலாம். கூட வடித்தால் பானை வெடிக்கும், குறைய வடித்தால் அடுப்பு அணையும். ஆலையெல்லாம் பூட்டின நாளில் ஊர் முழுவதும் வடித்தால் யார் சாப்பிடுவது?” என்றார். நிறுத்தினோம். அந்த ஒன்பது நாளும் கொப்பியில் ஒன்று, அரை, ஒன்று என்று இருக்கிறது. எட்டு வருடத்தில் நாங்கள் மனமறிந்து விட்ட நட்டம் அது ஒன்றுதான்.

நவம்பர் கடைசியில் டிட்வா புயல். அதைப் பற்றிக் கண்டியில் நின்று நீட்டிப் பேசத் தேவையில்லை. மண் சரிந்த இடங்களில் நம் பிள்ளைகளின் வீடுகளும் இருந்தன, உயர்தரப் பரீட்சை நடுவிலேயே நின்றுபோனது. எங்கள் வீட்டுக்கு ஆறு நாள் கரண்ட் இல்லை. மழை விட்ட பின் வெயில் வந்தது. கூரை முழுக்க வெயில், வீட்டுக்குள் இருட்டு. கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற, கீழ்வீட்டுத் தம்பியிடம் போனோம். அவரிடம் ஒரு மூடைப் பலகை அளவு சிறு பெனலும் ஒரு பற்றரியும் இருந்தன. 3 கிலோவாற்றுக்காரர் இருவர் அவர் வாசலில் வரிசையில் நின்றோம்.

ஐந்தாம் நாள் எங்கள் ஒழுங்கையில் ஒரு தொழிலாளி கம்பத்தில் ஏறினார். சரிந்த மரத்திலிருந்து கம்பியை வெறும் கையுறையோடு பிரித்துக்கொண்டிருந்தார். அன்றுதான் எங்கள் இன்வேர்ட்டரின் மௌனம் எங்களுக்கு விளங்கியது. வெளிக்கம்பி செத்திருக்கும்போது எங்கள் கூரை தன்பாட்டில் மின்சாரத்தை அனுப்பினால் அது அந்த மனிதரின் கைக்குத்தான் போகும். அதற்காகத்தான் அது நிற்கிறது. நான்கு வருடம் குறையாக எழுதி வைத்திருந்ததை அன்று இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் அடித்துத் திருத்தினோம். கறுப்புத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் கேட்டார், “சோலார் வீடா அம்மா? மெயினை நிறுத்தியிருக்கிறீங்கதானே?” நிறுத்தியிருந்தோம்.

இப்போது செயலாளரின் கேள்விக்கு வருகிறோம். நல்லதா, வேண்டாமா?

நல்லது. ஆனால் நான்கு விஷயங்களைச் சொல்லித்தான் நல்லது என்போம்.

முதலாவது, கூரையின் அளவைப் பார்த்துப் பூட்ட வேண்டாம், பாவனையின் அளவைப் பார்த்துப் பூட்டுங்கள். கல்லூரி காலை ஏழரை முதல் ஒன்றரை வரை இயங்குகிறது. வெயிலும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. வீட்டை விடப் பள்ளிக்கூடத்துக்கு இது பொருத்தம். ஆனால் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் லீவில் எடுப்பது எல்லாம் வெளியே போகும், அதற்கான விலையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். 22 ரூபாவும், 2022 இல் 37 ரூபாவும், போன வருடம் சிறிய கூரைக்கு 20 ரூபா 90 சதமுமாக அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எங்களுக்கே எட்டாம் வருடத்திலிருந்து 15 ரூபா 50 சதம்தான்.

இரண்டாவது, முழுக் கல்லூரிக்கும் பற்றரி வேண்டாம், ஆனால் விடுதிப் படிப்பறைக்கு ஒன்று வேண்டும். புயலில் நாங்கள் கற்றது இது. முப்பது பிள்ளைகள் நான்கு மணித்தியாலம் படிக்க எல்.ஈ.டி. விளக்குக்குப் பெரிய பற்றரி தேவையில்லை.

மூன்றாவது, பராமரிப்புக்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள். பெனல் இருபது வருடத்துக்கு மேல் உழைக்கும், இன்வேர்ட்டர் அவ்வளவு உழைக்காது. நூற்றாண்டுப் பலகையில் பெயர் பொறிக்க எல்லோரும் காசு தருவார்கள். பதினோராம் வருடம் இன்வேர்ட்டர் மாற்ற யாரும் பெயர் பொறிப்பதில்லை.

நான்காவதுதான் முக்கியம். ஒரு சதமும் சேர்க்க முன், இந்த வருடம் முழுக்க ஒரு கொப்பி போடுங்கள். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர் ஒவ்வொரு நாளும் மின்மானியைப் பார்த்து எழுதட்டும். எந்த மாதம் எவ்வளவு, எந்த நேரம் எவ்வளவு, எந்த வகுப்பில் ஆள் இல்லாமல் காற்றாடி சுற்றுகிறது. எங்கள் வீட்டில் 200 அலகாக இருந்த பாவனை இன்று 150. அந்த 50 அலகையும் பெனல் மிச்சம் பிடிக்கவில்லை, கொப்பிதான் பிடித்தது. பழைய ஃபிரிஜ்ஜை அனுப்பினோம், அவ்வளவுதான்.

இலண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று இந்த மலரை எங்கெங்கோ இருந்து வாசிக்கப்போகிற தங்கைமாரே, நீங்கள் காசு அனுப்புவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். காசோடு சேர்த்து வருடத்துக்கு ஒருமுறை, “கொப்பியில் என்ன எழுதியிருக்கு?” என்று ஒரு கேள்வியும் அனுப்புங்கள். கேட்பார் இருந்தால்தான் எழுதுவார் இருப்பார்.

கூரையில் சோலார் வந்தால் எங்களுக்கு யாருடைய தயவும் வேண்டாம் என்று 2018 இல் நினைத்தோம். நாங்கள் நண்பகலில் கொடுக்கிற அலகு யாரோ ஒருவர் வீட்டில் சோறு ஆக்குகிறது. அந்த நேரம் விக்டோரியாவில் கொஞ்சத் தண்ணீர் மிஞ்சினால், அது இரவில் எங்களுக்கே வெளிச்சமாகத் திரும்பி வருகிறது. தேயிலைக்கு மேலாகப் போன அந்தக் கம்பியைப் பார்த்து, “ஊருக்குப் போகுது” என்றார் அம்மா. இன்று எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு கம்பி ஊருக்குப் போகிறது. அம்மா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் காட்டியிருப்போம்.

ஐந்தாவது கொப்பியை நேற்று வாங்கினோம். நம் கல்லூரிக்கும் ஒன்று வாங்கி வந்திருக்கிறோம். அதிபர் அவர்களே, தயவுசெய்து பெற்றுக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் தேதி போட்டிருக்கிறோம், மிச்சத்தைப் பிள்ளைகள் எழுதட்டும்.